மூச்சு வாங்குகிறதா?

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு மாலை. குற்றாலத்தில் சாரல் தொடங்கித் தென்காசித் தெருக்களில் ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்த நேரம். பங்கு இல்லத்தின் வாயிலில் ஓர் இளைஞன் வந்து நின்றான். "சாமி, அப்பாவுக்கு ரொம்ப முடியல. உடனே வரணும்" என்றான். நற்கருணையையும் திருத்தைலத்தையும் எடுத்துக்கொண்டு அவனுடன் புறப்பட்டேன். அவர்கள் குடியிருந்தது ஒரு புதிய அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடி. மின்தூக்கி கிடையாது.

முதல் மாடியில் நடையைத் தளர்த்தினேன். இரண்டாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் மாடி வாயிலை அடைந்தபோது, வாய் திறந்து ஒரு சொல் சொல்ல இயலவில்லை. நோயாளியின் மனைவி, கட்டிலருகே கிடந்த நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். மகள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்து விசிறினாள். கட்டிலில் கிடந்தவரோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய நான்கு நிமிடம் அவ்வாறு கழிந்தது. தேற்ற வந்தவனை அவ்வீட்டார் தேற்றினர்.

பிறகு செபங்களைச் சொல்லி முடித்தேன். அன்றிரவே அவர் இறைவனடி சேர்ந்தார். எல்லாம் குறைவின்றி நிறைவேறியது என்று அக்குடும்பத்தார் எனக்கு நன்றி கூறினர். ஆனால் அந்த நான்கு நிமிடமே அவருக்குக் கடைசி நான்கு நிமிடமாக இருந்திருந்தால்? இக்கேள்வி என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை.

உடற்பயிற்சிக்கும் எனக்கும் என்றுமே உறவு இருந்ததில்லை என்பதை இங்கே ஒளிவின்றிக் கூறிவிடுகிறேன். பள்ளியில் ஓட்டப்பந்தயம் என்றால் கடைசி வரிசையில் நிற்பேன். குருமடத்தில் மாலைதோறும் கைப்பந்து ஆட வேண்டும் என்பது ஒழுங்கு. தலைவலி என்றும் நூலக வேலை என்றும் காரணம் சொல்லித் தப்பிய நாட்கள் பல. குருவான பிறகு கேட்பாரில்லை. கிளைப் பங்குகளுக்குச் சைக்கிளில் சென்ற காலம் போய், இருசக்கர வண்டி வந்தது. அதுவும் போய்க் கார் வந்தது. திருவிழா வீடுகளில் அன்புடன் பரிமாறியதை மறுத்தால் மனம் நோகுமே என்று உண்டேன். இப்போது வயது 56.

மருத்துவரிடம் சென்றேன். இரத்த அழுத்தம் 150க்கு 94. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனையில் 8.2 விழுக்காடு. இதயத்தின் மின்பதிவை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஃபாதர், இதயத்தில் இப்போதைக்குக் கேடில்லை. ஆனால் உங்கள் உடம்பு உழைப்பையே மறந்துவிட்டது. மாத்திரை பாதி வேலையைத்தான் செய்யும். மறுபாதியை நீங்கள்தாம் செய்ய வேண்டும்" என்றார்.

இவ்விஷயத்தில் நான் தனியன் அல்லேன் என்பது பிறகு தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயுள்ளோர் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேர். 2024இல் வெளியான ஓர் உலகளாவிய கணக்கெடுப்போ, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் உடலுக்குப் போதிய அசைவு தருவதில்லை என்கிறது. ஆண்களில் 42 விழுக்காடு; பெண்களில் 57 விழுக்காடு. வீட்டு வேலை முழுவதும் பெண்கள் தலையில் இருக்க, அவர்கள் எண்ணிக்கை எப்படிக் கூடுதலாயிற்று என்று நீங்கள் வியக்கலாம். அதற்கு விடை என் பங்கிலேயே கிடைத்தது, பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் தனியே நடக்கத் தொடங்கினேன். மூன்று நாள் நடந்தேன். நான்காம் நாள் சாரல். ஐந்தாம் நாள் அடக்கப்பூசை. ஆறாம் நாள் ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் நடக்கவில்லை. தனியாகச் செய்யும் நல்ல காரியத்துக்கு இதுதான் ஆபத்து. விட்டுவிட்டால் கேட்க ஆளில்லை.

அப்போது எங்கள் பாடகர் குழுவைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், தென்காசியில் மாலை வேளையில் இசைக்கேற்பக் கூட்டமாய்ச் செய்யும் துள்ளல் பயிற்சி ஒன்று நடப்பதாகச் சொன்னார். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். "ஏரோபிக்ஸ் என்பார்கள் சாமி, ஜும்பாவும் கொஞ்சம் உண்டு" என்றார். நான் சிரித்துவிட்டேன். பங்குக் குரு சினிமாப் பாட்டுக்குக் குதிப்பதா? ஊர் என்ன சொல்லும்? ஆனால் அந்த மூன்றாம் மாடி நினைவுக்கு வந்தது. ரப்பர் காலணி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

முதல் நாளை மறக்க மாட்டேன். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். கடைக்காரர், வங்கி அலுவலர், கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் எனப் பலதரப்பட்டவர்கள். கதவருகே, கடைசி வரிசையில், பழைய வழக்கம் மாறாமல் போய் நின்றேன். பாட்டு ஓங்கி ஒலித்தது. எல்லோரும் வலப்புறம் சென்றபோது நான் இடப்புறம் சென்றேன்; அவர்கள் கைகளை உயர்த்தியபோது நான் தாழ்த்தினேன். எட்டாம் நிமிடத்தில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என எண்ணித் தலைநிமிர்ந்தால், ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. அவரவர்க்கு அவரவர் மூச்சே பெரும் பாடு. ஐம்பது ஆண்டுகளாக நான் சுமந்து வந்த வெட்கம் எவ்வளவு வீணானது என்பதை அன்று கண்டேன்.

பயிற்சி தரும் தம்பி அருகில் வந்தார். "ஐயா, நீங்கள் குதிக்கவே வேண்டாம். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கட்டும். அடி மட்டும் எடுத்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கட்டும், பாட முடிகிற அளவுக்கு வேண்டாம்" என்றார். எளிமையான அளவுகோல். பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் உழைப்பு நடுத்தரமானது. சில சொற்களுக்கு மேல் பேசவே முடியாவிட்டால் அது கடுமையானது. முதியோரும் நோயாளரும் முதல் நிலையில் நின்றுகொள்வதே நலம்.

எண்ணிக்கையில் அறிய விரும்புவோர்க்கு இன்னொரு வழி உண்டு. 220இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். எனக்கு அது 164. அதில் 64 முதல் 76 விழுக்காடு வரை, அதாவது நிமிடத்துக்கு 105 முதல் 125 துடிப்பு வரை, நடுத்தர உழைப்பு. இது தோராயக் கணக்கே. இரத்த அழுத்தத்துக்காக உண்ணும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைத்துவிடுவதால், அவற்றை உண்போர்க்கு இக்கணக்குப் பொருந்தாது. பேச்சுச் சோதனையே போதும்.

இந்தப் பயிற்சிகளின் பிறப்பு வரலாறு சுவையானது. 1953இல் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், இலண்டன் நகரப் போக்குவரத்துத் தொழிலாளர் சுமார் 31,000 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அந்நகரின் இரட்டைத் தட்டுப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்கப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பேருந்து, ஒரே ஊர். ஆனால் நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே மாரடைப்பு மிகுதியாக வந்தது. உட்கார்ந்திருத்தல் உயிருக்குக் கேடு என்பதை உலகம் அறிந்துகொள்ள வழிகாட்டிய ஆய்வு இதுவே. மாரிஸ் தாமும் நடந்தும் நீந்தியும் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் 'ஏரோபிக்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். மூச்சுக்காற்றில் உள்ள உயிர்வளியைத் தசைகள் தொடர்ந்து பயன்படுத்தும்படி நெடுநேரம் செய்யும் பயிற்சி என்பது அச்சொல்லின் கருத்து. மறு ஆண்டிலேயே ஜாக்கி சோரன்சன் என்ற பெண்மணி இக்கருத்தை நடனத்தோடு இணைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். ஜும்பா தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் 1990களில் தோன்றியது. இசைநாடாவைக் கொண்டுவர மறந்த ஆசிரியர் பெட்டோ பெரெஸ், கையில் இருந்த தம் நாட்டு நடனப் பாடல்களை ஒலிக்கவிட்டு வகுப்பை நடத்தியதில் அது பிறந்ததாம்.

இவையெல்லாம் நமக்கு அந்நியம் என எண்ண வேண்டியதில்லை. உடற்கல்விக்கென ஒரு கல்லூரியை 1920இலேயே சென்னையில் தொடங்கினார் ஹாரி குரோ பக். இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் அக்கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடந்து வருகிறது. அதற்கும் முன்பே நம் ஊர்களில் கும்மி இருந்தது, கோலாட்டம் இருந்தது, வரிசையாய் நின்று கைக்குட்டை வீசி ஆடும் ஒயிலாட்டம் இருந்தது, குமரிப் பக்கத்தில் கழியலாட்டம் இருந்தது. மெல்லத் தொடங்கி, விரைந்து, உச்சம் தொட்டுப் பிறகு தணியும் ஆட்டங்கள் அவை. பெயர்தான் வேறு.

மெல்லத் தொடங்குவது என்றேன். குற்றாலத்துப் பேரருவியைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். மலையுச்சியிலிருந்து விழும் நீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவே பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பிறகே கீழே இறங்குகிறது. அப்பள்ளம் இல்லையேல் அருவியின் கீழே நின்று குளிக்க எவரால் இயலும்? பயிற்சியின் முதல் ஐந்து முதல் பத்து நிமிடம் அத்தகைய பள்ளமே. மூட்டும் தசையும் இதயமும் படிப்படியாக விழித்துக்கொள்கின்றன. முடிக்கும்போதும் அவ்வாறே. துள்ளிக்கொண்டிருந்தவர் சட்டென்று அசையாமல் நின்றால், கால்களில் மிகுதியாய் ஓடிக்கொண்டிருந்த இரத்தம் அங்கேயே தேங்கித் தலை சுற்றும். நடந்துகொண்டே தணிய வேண்டும்.

சர்க்கரை நோயாளர்க்கு இப்பயிற்சியால் வரும் நன்மையின் காரணமும் எளிது. உழைக்கும் தசை, இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. அந்தத் திறம் பயிற்சிக்குப் பிறகும் ஒரு நாளளவு நீடிக்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் மறைந்துவிடும். ஆதலால்தான் வாரத்தில் ஒரே நாள் உடம்பை வாட்டுவதைவிட, சில நாட்களில் பகிர்ந்து செய்வது நல்லது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு என உலக நல நிறுவனம் 2020இல் அளவு வகுத்துள்ளது.

எச்சரிக்கையும் கூற வேண்டும். இன்சுலின் போடுவோரும் சில வகை மாத்திரை உண்போரும் பயிற்சியின்போது சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்து மயங்கக்கூடும்; சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். கால்களில் உணர்வு குறைந்தவர்கள் காலணியின்றி ஆடலாகாது. நெஞ்சில் அழுத்தம், இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, இயல்புக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அக்கணமே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். "வகுப்பு முடியட்டும்" என்று பொறுப்பது வீரமன்று. நாற்பதைக் கடந்து, நெடுங்காலம் உட்கார்ந்தே இருந்தவர்கள் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்குக.

நானும் தவறினேன். இரண்டாம் மாதத்தில் ஆர்வம் மிகுந்து இளைஞரோடு சேர்ந்து சிமெண்டுத் தரையில் குதித்தேன். வலது முழங்கால் வீங்கிவிட்டது. மூன்று வாரம் ஓய்வு. பிறகு தம்பி சொன்னபடி அடி மட்டுமே எடுத்து வைத்தேன்.

திருவருகைக் காலம் வந்தது. ஒப்புரவு அருட்சாதனம், குடில், கிளைப் பங்குகள் என்று அலைச்சல். வகுப்பை ஒரு நாள் விட்டேன். ஒரு வாரம் விட்டேன். கிறிஸ்து பிறப்பு விழாவும் புத்தாண்டும் கடந்தன. இனி என்ன, போதும் என்று மனம் சொல்லத் தொடங்கிய வேளையில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் அந்த ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். "ஃபாதர், மூணு வாரமா ஆளக் காணலயே? உடம்புக்கு ஒண்ணும் இல்லயே? கடைசி வரிசையில உங்க இடம் அப்படியே காலியா கிடக்கு" என்றார்.

பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. பதினெட்டுப் பேர் உள்ள ஒரு வகுப்பில் என் இடம் காலியாயிருப்பதை ஒருவர் கண்டுகொண்டார். என் கோவிலில் எத்தனை இடங்கள் காலியாயின! அவற்றை நான் கண்டேனா? கண்டும் கேட்டேனா? அன்று மாலை வகுப்புக்குப் போனேன். மறுநாள் முதல், ஞாயிறு பூசைக்கு வராமற்போனவர்களின் வீடுகளுக்கும் போனேன்.

மூன்றாவது வீட்டில் ஒரு தாய். வயது ஐம்பதுக்குள்தான். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் தென்காசிப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தட்டை நம்பியே வாழ்கின்றன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்தால் கூலி குறையும். சமையல் முடித்துத் தரையில் அமர்ந்தால் இருட்டும்வரை விரல்கள் மட்டுமே அசையும். நாள் முழுதும் உழைக்கிறார். ஆனால் உடம்பு அசைவதில்லை. நான் முன்பு சொன்ன அந்த 57 விழுக்காட்டின் பொருள் எனக்கு அங்கே விளங்கியது. ஏன் பூசைக்கு வரவில்லை என்று கேட்டேன். "வரக்கூடாதுன்னு இல்ல சாமி. கோவில் மேட்டுல ஏறுனா மூச்சு வாங்குது, முட்டு பிடிச்சுக்கிடுது. நடுவுல நின்னா எல்லாரும் பாக்காவ" என்றார்.

என் கதையையே அவர் வாயால் கேட்டேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற அந்த வெட்கமுங்கூட என்னுடையதே. அவரை மருத்துவரிடம் அனுப்பினோம். இரத்த அழுத்தம் மிகுதியாக இருந்தது. 2021இல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர் இப்போது அவர் வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தருகிறார்.

மாசி மாதத்தில், பங்கு மண்டபத்தில் பெண்களுக்கென வாரம் இருமுறை மாலையில் அரைமணி நேரப் பயிற்சி தொடங்கினோம். பங்கைச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியை ஒருவர் கட்டணமின்றி நடத்துகிறார். ஆண்கள் எவரும் மண்டபத்துக்குள் வருவதில்லை, நான் உட்பட. சேலையிலேயே வரலாம். முதல் நாள் 23 பேர் வந்தனர். ஒரு மாதத்தில் 11 பேர் ஆயினர். ஆசிரியைக்கு மனச்சோர்வு. அப்போது எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருத்தி, "இது என்னம்மா பாட்டு, ஒண்ணும் புரியல. நாங்க திருநாளுக்குக் கும்மி அடிச்சோமே, அதுல இல்லாத ஆட்டமா?" என்று கேட்டு, நடுவே வந்து நின்று அடி எடுத்துக் காட்டினாராம். அதன் பிறகு வகுப்பில் கும்மியும் ஒன்றாயிற்று. இப்போது 16 பேர் தவறாமல் வருகின்றனர். வராதவரை அவர்களே போய் விசாரிக்கின்றனர்.

என் நிலையையும் கேட்பீர்கள். மாத்திரையை நிறுத்தவில்லை. சர்க்கரையின் சராசரி 8.2இலிருந்து 7.3க்கு இறங்கியது, இன்னும் இறங்க வேண்டும் என்கிறார் மருத்துவர். உடலின் எடை நான்கு கிலோ குறைந்தது. வலப்புறம் செல்ல வேண்டிய இடத்தில் இன்னும் இடப்புறம் செல்கிறேன்.

இந்த ஆண்டு ஆனியில், அந்த மூன்றாம் மாடி வீட்டில் முதலாண்டு நினைவுச் செபத்துக்கு அழைத்தனர். இரண்டாம் மாடியில் ஒரு கணம் நின்றேன், மறைக்கவில்லை. மேலே சென்றதும் அத்தாய் பழைய நினைவில் விரைந்து நாற்காலியை எடுத்தார். "வேண்டாம் அம்மா, நின்றே சொல்கிறேன்" என்றேன். நின்றே சொன்னேன்.

அன்புமிக்க குடும்பத்தாரே, துள்ளல் பயிற்சிதான் வேண்டும் என்பதில்லை. நடை போதும். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். அதில் பாதி நடந்தாலும் நன்று. ஆனால் தனியே தொடங்காதீர்கள். கணவனும் மனைவியும், அண்டை வீட்டார் இருவர், அன்பியத்தில் நால்வர் எனச் சேர்ந்து தொடங்குங்கள். ஒருவர் வராத நாளில் மற்றவர் அவர் வீட்டு வாயிலில் போய் நின்று, "ஏன் வரவில்லை?" என்று கேளுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.

உங்கள் பங்குச் சுவாமி